துர்கராஜபட்டினத்துக் கரை: கடலில் உயிர் காக்கும் பணியின் நானூறு ஆண்டுகள்

சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 1911 ஏப்ரலில் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அதை உருவாக்கியபோது மலையும் ஏரிப்பாசனமும் புளியந்தோப்பும்தான் அதன் பங்குக்கு வந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தில் மாவட்டங்களைத் திருத்தி அமைத்தார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி, காளஹஸ்தி, சத்தியவேடு வட்டாரங்களையும், நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டை, கூடூர், வெங்கடகிரி வட்டாரங்களையும் எடுத்துத் திருப்பதி மாவட்டம் பிறந்தது. ஏழுமலையான் ஊரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்துக்கு அன்றுதான் ஒரு கடற்கரை அமைந்தது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும், ஸ்ரீஹரிகோட்டா தீவும், அதற்கு வடக்கே துர்கராஜபட்டினமும் அந்தக் கரையில் அடக்கம். கடலில் தவிக்கும் உயிரைக் கரை சேர்க்கும் வேலையை யார் யார், எந்தெந்தப் பெயரில் செய்தார்கள் என்பதைத் தொடக்கம் முதல் பார்க்க இந்தக் கரை பொருத்தமான இடம். அலுவலகங்களும் சட்டங்களும் சீருடைகளும் மாறிக்கொண்டே வந்த கதை அது. கவிழ்ந்த படகை முதலில் எட்டும் ஆள் மட்டும் அதிகம் மாறவில்லை.

கரையின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். துர்கராஜபட்டினத்துக்கு எதிரே கடலுக்குள் நீளமான மணல்திட்டு ஒன்று கிடக்கிறது. கப்பல் வரைபடங்களில் அதன் பெயர் ஆர்மகான் திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓரளவு அமைதியான ஆழநீர் உண்டு. கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாக இருந்த ஹென்றி பிளாக்வுட்டின் நினைவாக அந்த இடத்துக்குப் பிளாக்வுட் துறை என்று பெயர் வைத்தார்கள். திட்டுக்கு உள்ளே நுழையத் தெரிந்த மாலுமிக்கு அது அடைக்கலம். தெரியாதவனுக்குத் திட்டே எமன். கரைக்குப் பின்னால் ஏரி. மணல் மேடுகளை உடைத்துக்கொண்டு ஏரிநீர் கடலில் கலக்கும் முகத்துவாரங்கள் பழவேற்காட்டிலும் வடக்கே ராயதொருவிலும் இருக்கின்றன. மழைக்காலத்தில் திறந்து, கோடையில் மணல் தூர்ந்து குறுகி, இடம் நகர்ந்து, ஆண்டுக்கு ஆண்டு வேறு முகம் காட்டும் வாய்கள் இவை. இந்தக் கரையில் படகு கவிழ்வது நடுக்கடலில் மட்டும் நடப்பதல்ல. அலை முறியும் இடத்திலும் முகத்துவாரத்திலும், கரையில் நிற்பவர் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும்.

ஆர்மகான் என்ற பெயர் ஆறுமுகம் என்பதன் ஆங்கிலத் திரிபு. பழவேற்காட்டில் 1613 முதல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு டச்சுக்காரர்கள் அமர்ந்துவிட்டார்கள். அவர்களோடு ஒட்டி இருக்க முயன்று முடியாமல் போன ஆங்கிலக் கம்பெனியார் 1626 வாக்கில் வடக்கே நகர்ந்து துர்கராஜபட்டினத்தில் பண்டசாலை போட்டார்கள். இடம் பெற உதவிய ஊர்க் கணக்கர் ஆறுமுக முதலியாரின் பெயர் அந்த ஊருக்கே ஆகிவிட்டது. பீரங்கிகள் வைத்துக் காவல் செய்த அந்தச் சிறு கோட்டை, சென்னைக் கோட்டைக்கு மூத்தது. பண்டசாலையின் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டேதான் 1639இல் தெற்கே போய், தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் சென்னப்பட்டினத்து மணல்வெளியைப் பெற்றவர். நாயக்கருக்கு மேலே இருந்த விஜயநகர அரசர் அப்போது தங்கிய கோட்டைகளுள் முக்கியமானது சந்திரகிரி. திருப்பதிக்கு மேற்கே அந்தக் கோட்டையும் அரண்மனையும் இன்றும் நிற்கின்றன. ஆக, ஒரே மாவட்டத்துக்குள் இன்று இருக்கும் ஒரு மலைக்கோட்டையும் ஒரு மணற்கரையும் சேர்ந்து சென்னையின் பிறப்பில் பங்கு கொண்டவை. கம்பெனியின் துணி வணிகம் சென்னைக்குப் போனபின் ஆர்மகான் வெறிச்சோடியது. திட்டு மட்டும் வரைபடத்தில் அபாயக்குறியாகத் தங்கிவிட்டது.

சென்னையில் அப்போது துறைமுகம் எதுவும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மூன்று அடுக்காக முறியும் அலைகளைத் தாண்டிப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்த வேலைக்கு மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோலை அடைத்துச் செய்வது. உள்ளே குறுக்குச் சட்டம் கிடையாது. அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும், அதனாலேயே உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அலையில் சிதறிப்போனதைப் பார்த்தபிறகுதான் கம்பெனியார் உள்ளூர்த் தச்சரின் அறிவை ஒப்புக்கொண்டார்கள். பின்புறம் நின்று நீண்ட துடுப்பால் படகைத் திருப்புபவர் தண்டல். அலைகளை எண்ணிப் பார்த்து, எந்த அலையின் முதுகில் ஏற வேண்டும் என்று குரல் கொடுப்பது அவர் வேலை. துடுப்புக்காரர்கள் அந்தக் குரலுக்கு ஏற்பப் பாட்டை வேகப்படுத்துவார்கள்.

படகு கவிழ்ந்தால் என்ன செய்வது? அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பயணிகளை ஏற்றிய மசூலாப் படகு அலைக்குள் இறங்கும்போது கூடவே கட்டுமரங்கள் போகும். மூன்று நான்கு மரங்களைக் கயிற்றால் பிணைத்த அந்தத் தெப்பத்தில் ஓரிருவர் முழங்காலிட்டுத் துடுப்பு போடுவார்கள். அலை அவர்களைப் புரட்டித் தள்ளினால் நீந்திப்போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். படகு கவிழ்ந்து யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கி மரத்தில் கிடத்திக் கரை சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. உயிரைக் காப்பாற்றிய கட்டுமரக்காரருக்கு அரசு பதக்கம் தந்தது. கழுத்தில் பதக்கம் தொங்கும் கட்டுமரக்காரர்களைப் பற்றிச் சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். மசூலாப் படகும் இறங்க முடியாத நாட்களில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனதும் கட்டுமரம்தான். ஓலையால் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டால், உடம்பெல்லாம் நனைந்தாலும் காகிதம் நனையாது.

இந்த ஏற்பாட்டை நடத்தியவர் மாஸ்டர் அட்டெண்டன்ட் எனப்பட்ட கடற்கரை அதிகாரி. படகுகளுக்கு எண் கொடுப்பது, உரிமம் வழங்குவது, கட்டணம் வகுப்பது, அலை மீறினால் படகு இறங்கக் கூடாது என்று கொடி ஏற்றுவது எல்லாம் அவர் கையில். வடகிழக்குப் பருவக்காற்றின்போது அக்டோபர் 15 அன்று கோட்டைக் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை கப்பல்கள் சென்னைக் கடலில் நிற்பது அவரவர் பொறுப்பு. மீனவருக்கு இது புதுச் செய்தி அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்தால் மரத்தைக் கரையேற்றிவிடும் வழக்கம் கொடிமரத்துக்கு முந்தியது. இந்தியாவின் கிழக்குக் கரையில் கடல்பாதுகாப்புக்கான முதல் அரசு அமைப்பு என்று எதையாவது சொல்வதானால், கொடிமரமும் உரிமப் பதிவேடும் பதக்கமும் சேர்ந்த இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது காத்தது கப்பலில் வந்தவர்களை. கட்டுமரக்காரரே கடலில் போய்விட்டால் தேடுவதற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

ஆர்மகான் கரைக்கு விளக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். திட்டைப் பற்றிக் கப்பல்களை எச்சரிக்க மட்டுமே அந்தக் கலங்கரை விளக்கம் எழுந்தது. துறைமுகத்தைக் காட்ட அல்ல. சென்னைக்கு வடக்கிலிருந்து இறங்கும் கப்பல் இரவில் அந்த ஒளியைப் பார்த்துக் கிழக்கே ஒதுங்கிவிடும். விளக்குகள் அப்போது அந்தந்த மாகாணத்தின் பொறுப்பு. 1927இல் கலங்கரை விளக்கச் சட்டம் வந்து, 1929இல் மத்திய அரசின் தனித்துறை அமைந்தபின் முக்கிய விளக்குகள் ஒரே கையில் சேர்ந்தன. 2021இல் அந்தச் சட்டத்தை நீக்கிக் கடல்வழி உதவிச் சாதனங்களுக்கான புதுச்சட்டம் இயற்றப்பட்டது. தொலைவிலிருந்து கப்பலை அடையாளம் காணும் மின்னணுக் கருவிகள் பெருகிவிட்ட காலத்தில் விளக்கு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியவில்லை.

புயலுக்கான எச்சரிக்கையும் இதே போலத் துண்டு துண்டாகத்தான் தொடங்கியது. 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியபின் அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை ஏற்பட்டது. வானிலைத் துறை பிறந்தது 1875இல். அதற்கு முன்பே, 1872 மே 2 அன்று, சென்னைக் கடலில் நின்ற கப்பல்கள் புயலில் அறுத்துக்கொண்டு வந்து கரையில் மோதின. ஊரே கடற்கரையில் நின்று பார்த்தது. அலையைத் தாண்டிக் கயிறு எறிய வழியில்லாமல் உயிர்கள் போயின. எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கைக் குறிகள் 1898இல் நடைமுறைக்கு வந்தன. பதினோரு எண்கள் கொண்ட அந்தப் புயல் கூண்டு இன்றும் ஏறுகிறது. மூன்றாம் எண் கூண்டு ஏறிவிட்டது என்று வானொலி சொல்லும்போது அது மீனவரைக் குறித்த செய்தி போலத் தோன்றும். உண்மையில் அது துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்காகப் பிறந்த மொழி. கிராமத்துக்குக் கூண்டு கிடையாது. யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

இடையில் வேறொரு பாதுகாப்பும் நடந்தது. அதை யாரும் அந்தப் பெயரில் அழைக்கவில்லை. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கிய கால்வாய் சிறிது சிறிதாக வடக்கே வளர்ந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து துர்கராஜபட்டினம் வழியாகப் போயிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டு, ஆளுநர் பக்கிங்ஹாமின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் சவுக்கும் கடலைத் தொடாமலே சென்னைக்கு வந்தன. கரையோரச் சரக்குத் தோணிகள் ஆர்மகான் திட்டைச் சுற்றிப் போகும் தேவை குறைந்தது. கடலில் ஆளைக் காப்பாற்றும் வழிகளில் மிகச் சிறந்தது கடலுக்கே அனுப்பாமல் இருப்பதுதான் என்றால், இந்தக் கரையில் மிகுந்த உயிர்களைக் காத்தது பக்கிங்ஹாம் கால்வாயாக இருக்கலாம்.

இதே நூற்றாண்டில் மற்ற நாடுகளில் தன்னார்வக் கடல்மீட்புச் சங்கங்கள் வேரூன்றின. 1824 மார்ச் 4 அன்று வில்லியம் ஹிலாரியின் முயற்சியால் லண்டனில் ஒரு சங்கம் பிறந்தது. முப்பது ஆண்டு கழித்து அது ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்று பெயர் மாறியது. அதே 1824இன் நவம்பரில் நெதர்லாந்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு சங்கங்கள் தோன்றின. ஒன்று ஆம்ஸ்டர்டாமில், மற்றது ராட்டர்டாமில். ஒரே கடலில் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துவந்த அவை இணைய 1991 வரை ஆயிற்று. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1939இல் சொந்தப் படகு வைத்திருந்த குடிமக்களைச் சேர்த்து ஒரு தன்னார்வப் பிரிவை ஏற்படுத்தி, 1941இல் அதற்குத் துணைப்படை என்று பெயர் மாற்றியது. அதன் கட்டுக்கோப்பு கவனிக்கத் தக்கது. சீருடை உண்டு, சம்பளம் இல்லை. ஊர் அளவில் ஒரு படகணி, சில படகணிகள் சேர்ந்து ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு மாவட்டம். தலைவர்களை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயிற்சி, தொடர்பு, படகுச் சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்பார்.

சோழமண்டலக் கரையில் இப்படி ஒரு சங்கம் ஏன் எழவில்லை? பணம் கொடுக்கக்கூடிய வணிகரும் அதிகாரியும் கரை சேரும் பத்திரத்தைக் கூலிக்கு வாங்கிக்கொண்டார்கள். சந்தா கட்டிச் சங்கம் வளர்க்கும் தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. மற்றொரு காரணமும் உண்டு, அது இன்னும் முக்கியமானது. சங்கம் செய்ய வேண்டிய வேலையை ஊர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு தாண்டித் துர்கராஜபட்டினம் வரையும் அதற்கு அப்பாலும் கடலோரக் குப்பங்களில் வாழ்பவர்களில் பட்டினவர் மிகுதி. தெலுங்கில் அவர்களைப் பட்டபு என்பார்கள். ஊர்ப் பலகை தெலுங்கில் இருக்கும், பிள்ளைகள் தெலுங்கில் படிப்பார்கள், வீட்டிலும் வலை காயும் மணலிலும் பேச்சு தமிழ். ஏரிக்குள் எந்த ஊரார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் பாடு ஏற்பாடு பழவேற்காட்டின் பெயர் பெற்ற வழக்கம். அந்த முறையை நடத்துவது ஊர்ப் பஞ்சாயத்து. கடலில் ஆள் காணாமல் போனாலும் கூடுவது அதே பஞ்சாயத்துதான்.

ஒரு மரம் அல்லது ஃபைபர் போட் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை என்றால் முதலில் வீட்டுப் பெண்கள் கரைக்கு வருவார்கள். பக்கத்தில் வலை போட்டவர் யார், கடைசியாக எந்தப் பாகத்தில் பார்த்தார் என்று கேள்வி போகும். பிறகு ஊர் கூடும். அன்றைக்குத் தொழில் கிடையாது. எல்லாப் படகும் தேடப் போக வேண்டும், டீசல் செலவை ஊர் ஏற்கும். தேடுவது கண்ட கண்ட பக்கம் அலைவதல்ல. தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து ஓடுவதற்கு வன்னி என்றும் இந்தக் கரையில் பெயர். தெண்டி ஓடும் நாளில் என்ஜின் நின்றுபோன படகு வடக்கே எவ்வளவு தூரம் போயிருக்கும், காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டு, படகுகளை ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வரிசையாக விரித்து அனுப்புவார்கள். அடுத்த ஊருக்கும் ஆள் போகும்; இப்போது செல்போன் போகிறது. வேறு ஊர்ப் படகு, வேறு சாதிக்காரர் படகு என்ற வித்தியாசம் அன்றைக்குப் பேசப்படாது. பாடு முறைக்காக முந்தின வாரம் சண்டை போட்ட ஊரானாலும் சரி. இந்தத் தேடலுக்குச் சீருடை இல்லை, பதிவேடு இல்லை. வராதவர் வீட்டில் உலை வைக்காமல் இருப்பார்கள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

விடுதலைக்குப் பின் எல்லைகள் மாறின. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது நெல்லூர்க் கரை அங்கே போயிற்று. பழவேற்காடு ஊர் சென்னை மாநிலத்தில் நின்றது. ஏரி இரண்டாகப் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை பெற்றது, பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் சித்தூருக்குப் போய்ச் சத்தியவேடு வட்டம் ஆயின. தண்ணீருக்கு மட்டும் இந்தக் கோடுகள் பிடிபடவில்லை. வன்னியில் அடித்துக்கொண்டு போன ஆந்திரப் படகு தமிழ்நாட்டில் கரையேறும், தெண்டியில் போன தமிழ்நாட்டுப் படகு ஆந்திரத்தில். காவல் நிலையத்துக்கு இது இரண்டு மாநில விவகாரம். குப்பத்துக்கு உறவுக்காரர் வீட்டு விவகாரம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏறியது முதல் இந்தக் கடலுக்குப் புது வகை எச்சரிக்கை ஒன்று வந்தது. ஏவுதல் நாளில் குறிப்பிட்ட பகுதிக்குள் கப்பலோ படகோ வரக் கூடாது என்று கடல்பயணிகளுக்கான அறிவிப்பு வெளியாகும். டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம் இந்தியக் கடல்பகுதிக்கான அறிவிப்புகளைத் தொகுத்து அனுப்புகிறது. குப்பங்களுக்கு மீன்வளத் துறை வழியாகவும் காவல்துறை வழியாகவும் சொல்லி அனுப்புவார்கள். நாட்டின் வேறெந்தக் கரையிலும் வானிலையோடு ராக்கெட் அட்டவணையையும் பார்த்து வலை ஏற்றும் மீனவர் இவ்வளவு பேர் இல்லை.

அரசு தன் பக்கத்தில் ஒரு கடலோரப் படையை அமைத்தது 1977இல். கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையிலான குழுவின் பரிந்துரையின்படி, கடற்படையிலிருந்து வாங்கிய இரண்டு பழைய போர்க்கப்பல்களோடும் ஐந்து ரோந்துப் படகுகளோடும் பிப்ரவரி 1 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை இடைக்கால அமைப்பாகத் தொடங்கியது. 1978 ஆகஸ்டில் சட்டம் வந்தது. கடத்தல் தடுப்பு அதன் பிறப்புக்குக் காரணம் என்றாலும், கடலில் தவிக்கும் மீனவருக்கு உதவுவதையும் சட்டம் கடமையாக எழுதி வைத்தது. இது சிறிய வரிதான். கட்டுமரக்காரரைத் தேடும் பொறுப்பு முதல்முறையாக அரசின் கணக்கில் ஏறியது அந்த வரியில்.

 1979இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் அலுவலகம் திறந்தது. அலையில் நேராக இறக்கி ஏற்றக்கூடிய சிறு படகுகளை வடிவமைக்கும் சோதனைகள் அதன் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. கட்டுமரம் தானாக மூழ்காது. கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். ஃபைபர் போட் வேகமானது, தூரம் போகும், மீன் அதிகம் பிடிக்கும். நீர் புகுந்தால் கதை வேறு. மரத்திலிருந்து ஃபைபருக்கு இந்தக் கரை மாறிய பத்திருபது ஆண்டுகளில் ஆபத்தின் தன்மையும் மாறிவிட்டது. முன்பு அலைவாயில் கவிழ்ந்தார்கள். இப்போது என்ஜின் நின்று, கரை தெரியாத தூரத்தில், குடிதண்ணீர் தீர்ந்து தவிக்கிறார்கள். அந்தத் திட்டம் 2003இல் அரசுகளுக்கிடையேயான அமைப்பாக மாறியபின் சிறுதொழில் மீனவரின் கடல்பாதுகாப்பு அதன் வேலைகளில் தொடர்ந்து இடம்பெற்றது.

2002 ஜனவரியில் தேசியக் கடல்சார் தேடல், மீட்பு வாரியம் அமைந்தது. காவல்படையின் தலைமை இயக்குநர் அதற்குத் தலைவர். கப்பல் துறை, வானிலை, மீன்வளம், துறைமுகம், விண்வெளி என்று ஆளுக்கொரு திசையில் இருந்தவர்களை ஒரே மேசைக்கு அழைத்ததுதான் அதன் முதல் பயன். இந்தியாவின் பொறுப்பில் உள்ள தேடல் பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று ஒருங்கிணைப்பு மையங்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. துர்கராஜபட்டினத்துக் கடலுக்குச் சென்னை மையம். ஆண்டுதோறும் இந்த வாரியம் வழங்கும் மீட்பு விருதுகளில் வணிகக் கப்பலுக்கு ஒன்று உண்டு, மீனவருக்கு ஒன்று உண்டு. கட்டுமரக்காரர் கழுத்துப் பதக்கத்தின் வழித்தோன்றல் என்று அதைச் சொல்லலாம். அன்றைக்குக் காப்பாற்றப்பட்டவர் கப்பல்காரராக இருக்க வேண்டும். இன்று மீனவர் மீனவரைக் காப்பாற்றினாலும் கணக்கில் சேரும்.

இந்தக் காலத்து மாற்றங்களில் பெரியது கடலோரக் காவல் நிலையங்கள். 2005இல் மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் 73 நிலையங்களும் 204 படகுகளும். ஆந்திரத்துக்குக் கிடைத்த ஆறு: கலிங்கப்பட்டினம், ருஷிகொண்டா, வாகலபூடி, கிலகலதிண்டி, சூர்யலங்கா, துர்கராஜபட்டினம். கம்பெனியார் விட்டுப்போன கரைக்கு முந்நூற்று அறுபது ஆண்டு கழித்துப் படகோடு ஓர் அரசு அலுவலகம் திரும்பி வந்தது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் கடல்வழியாக வந்தவர்கள் தாக்கியபின் திட்டம் வேகம் பிடித்தது. 2009இல் கடற்படைக்கு ஒட்டுமொத்தப் பொறுப்பு, அதன்கீழ் காவல்படை, கரையோரத்தில் மாநிலக் கடலோரக் காவல். 2011இல் இரண்டாம் கட்டம். படகுகளுக்குப் பதிவு எண்ணும், மீனவருக்குப் புகைப்பட அடையாள அட்டையும் கட்டாயமாயின. அந்நியப் படகையோ சந்தேகப் பொருளையோ கண்டால் தகவல் சொல்லக் குப்பங்களில் மீனவர் கண்காணிப்புக் குழுக்கள் அமைந்தன. காவல்படை ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டியது, வி.எச்.எஃப். கருவியில் பதினாறாவது அலைவரிசையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தது.

பாதுகாப்பு என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் ஓடுவதைக் கவனிக்க வேண்டும். அரசின் கவலை கடலிலிருந்து யார் வருகிறார்கள் என்பது. குப்பத்தின் கவலை கடலுக்குப் போனவர் வந்தாரா என்பது. ஒரே குழு, ஒரே படகு, ஒரே தொலைபேசி இரண்டுக்கும் பயன்பட்டது என்பது இந்த ஏற்பாட்டின் அதிர்ஷ்டம். எதிரியைத் தேட அமைத்த வலைப்பின்னல் காணாமல் போனவரைத் தேடவும் உதவிற்று.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்த குடும்பத்தாரை ஏற்றிய படகு முகத்துவாரத்துக்கு அருகே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஆந்திரப் பக்கத்தில் நிலைமை அவ்வளவு எளிதல்ல. தடா மண்டலத்தில் ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவு மக்களுக்கு நெடுங்காலமாகப் படகுதான் பேருந்து. பள்ளிக்கூடம், ரேஷன், பிரசவம் எல்லாம் அதில்தான். அங்கே படகைத் தடை செய்வது ஊரையே தடை செய்வதாகும். பாதுகாப்பு என்றால் சோதனையும் லைஃப் ஜாக்கெட்டும் அளவான சுமையும்தான்.

ஆந்திரத்தில் தன்னார்வலர் என்ற சொல்லுக்கே இடையில் ஒரு தனிப்பொருள் ஏறிற்று. 2019 ஆகஸ்ட் 15 முதல் ஏறத்தாழ ஐம்பது வீட்டுக்கு ஒருவர் என்று ஊர்த் தன்னார்வலர்களை அரசு அமர்த்தி மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் தந்தது. புயல் வந்தால் தாழ்வான குப்பங்களின் வீட்டுக் கதவைத் தட்டும் வேலை அவர்களிடம் சேர்ந்தது. 2024இல் ஆட்சி மாறியபின் அந்த ஏற்பாடு நின்றது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தா மித்ரா திட்டம் வேறு வகை. 2016இல் சோதனையாகத் தொடங்கி, 2021இல் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று விரிந்தது. வெள்ளத்தில் மீட்பது, முதலுதவி, கயிறு கட்டுவது ஆகியவை பாடம். 2020இல் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் கடலோர மீனவக் கிராமங்களுக்குச் சாகர் மித்ரா என்ற பணியாளர்கள் வந்தார்கள். பிடிபாடு, விலை, வானிலை, அரசுத் திட்டம் ஆகியவற்றுக்கு ஊருக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பாலம் அவர்கள். பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். ஒரே குப்பத்து இளைஞர் ஒருவரே கண்காணிப்புக் குழுவிலும் ஆப்தா மித்ரா பட்டியலிலும் இருப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. சட்டைதான் வேறு வேறு.

2014ஆம் ஆண்டு மாநிலப் பிரிவினைச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணை துர்கராஜபட்டினத்தில் ஒரு பெருந்துறைமுகத்தை 2018க்குள் முதல் கட்டமாகக் கட்டித் தருவதாக எழுதியது. ஒரு பக்கம் ராக்கெட் தளம், மறுபக்கம் பறவைகள் வந்து தங்கும் ஏரி. இரண்டுக்கும் நடுவே அந்தத் துறைமுகம் எழவில்லை. எழுந்திருந்தால் இழுவைப் படகும் துறைமுக மீட்புப் பிரிவும் கூடவே வந்திருக்கும்.

2022 மாவட்டத் திருத்தத்தின் விளைவு கடலில் தெரியாது, காகிதத்தில் தெரியும். நெல்லூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன புயல் அறிக்கை, நிவாரணப் பட்டியல், காணாமல் போனவர் மனு எல்லாம் திருப்பதிக்குப் போகத் தொடங்கின. பிரம்மோற்சவக் கூட்டத்தைக் கணக்கிட்டே பழகிய ஓர் அலுவலகம் ராயதொருவு முகத்துவாரத் தூர்வாரலைப் பற்றியும் படிக்க வேண்டியதாயிற்று. காவல்படையின் வரிசையில் மாற்றம் இல்லை: ஆந்திரக் கரைக்கு விசாகப்பட்டினத்தில் மாவட்டத் தலைமையகம், அதற்கு மேலே சென்னையில் கிழக்கு மண்டலம்.

இன்று துர்கராஜபட்டினத்துக் கடலில் ஒரு படகு தவித்தால் தகவலுக்குப் பல வழிகள் உண்டு. படகில் விண்வெளித் துறை வடிவமைத்த அபாய அறிவிப்புக் கருவி இருந்தால் பொத்தானை அழுத்தியதும் செயற்கைக்கோள் வழியே சென்னை மையத்துக்கு இடம் தெரியும். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்று படகுக்குப் பதிலும் சொல்லும். கரையிலிருப்பவர் காவல்படைக்கு 1554, கடலோரக் காவலுக்கு 1093 என்ற எண்களில் அழைக்கலாம். மையம் அருகில் உள்ள கப்பல்களைப் பார்க்கும், விமானம் வேண்டுமா என்று முடிவு செய்யும், ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையத்தின் நீரோட்டக் கணிப்பைக் கொண்டு தேட வேண்டிய பரப்பைக் கட்டமிடும். அந்தக் கட்டம் திரையில் வரைந்து முடிவதற்குள் குப்பத்தில் தெண்டியா வன்னியா என்று கேட்டு, டீசல் நிரப்பி, முதல் நான்கைந்து ஃபைபர் போட்டுகள் அலையைத் தாண்டியிருக்கும்.